60,000 டாலர் விலக்கு

வெளிநாட்டு வல்லுநர்களை வேலைக்கு அழைக்கும் எச்-1பி விசாவை அமெரிக்கா 1990-இல் சட்டமாக்கியபோது ஆண்டு வரம்பு 65,000. பின்னர் இணையத் தொழில் கொழித்தது. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க கோபோல் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் இளைஞர்கள் விமானம் ஏறினார்கள். 2001-இல் வரம்பு 1,95,000 ஆனது. 2004-இல் மீண்டும் 65,000.

எண்ணிக்கையைவிட முக்கியமானது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஒரு விலக்கு. எச்-1பி ஊழியர்களையே பெரிதும் நம்பியிருக்கும் நிறுவனங்கள், உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்தை நிரப்பமாட்டோம் என்று உறுதி தரவேண்டும். ஆனால் வருபவருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் அந்த உறுதி தேவையில்லை. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தத் தொகை உயரவில்லை.

விளைவு ஆர்லாண்டோவில் தெரிந்தது. 2014 இறுதியில் டிஸ்னி தன் கணினிப் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை முடிகிறது என்று அறிவித்தது. கடைசி வாரங்களில் அவர்களில் பலர் செய்த பணி, தங்கள் இடத்துக்கு எச்-1பி விசாவில் வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது! பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொரு படியாகக் காட்டவேண்டும். அவர்களின் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் பக்கத்து நாற்காலிக்காரர்மேல் பாய்வது தவறு. அவருடைய விசா முதலாளியின் கையில். வேலை போனால் 60 நாளில் வேறு முதலாளியோ வேறு விசாவோ கிடைக்கவேண்டும். இல்லையேல் ஊர் திரும்பவேண்டும். அப்படிப்பட்டவர் சம்பள உயர்வு கேட்கத் தயங்குவார். அது உள்ளூர்க்காரரின் சம்பளத்தையும் அமுக்கும். இருவருக்கும் தேவை ஒன்றே: விசா ஊழியரின் கையில் இருக்கவேண்டும்.