ருவாண்டாவில் பட்டா கொடுத்த கதை



என்னிடம் வரலாறு படித்த ஒரு பெண் இப்போது வெளிநாட்டு நில உரிமைத் திட்டங்களில் கம்யூனிகேஷன்ஸ் வேலை பார்க்கிறாள். "நிலத்தை அளக்க சர்வேயர் இருக்கிறார், நீ எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். "ருவாண்டாவைப் பற்றிப் படிங்க சார்" என்றாள். படித்தேன்.

1994 இனப்படுகொலைக்குப் பின் அங்கே எங்கு பார்த்தாலும் விதவைகள். பலரால் கணவன் நிலத்துக்கும் உரிமை கோர முடியவில்லை, தகப்பன் நிலத்துக்கும் முடியவில்லை. 1999-இல் வந்த சட்டம் மகளுக்கும் சொத்துரிமை தந்தது. ஆனால் மனைவி விஷயத்தில் ஒரு சிக்கல்: பதிவுத் திருமணம் செய்தவள்தான் சட்டத்தின் கண்ணில் மனைவி. ஊரறியக் குடும்பம் நடத்திய மற்றவர்கள் கணக்கில் இல்லை. சோதனை முறையில் சில இடங்களில் பதிவு செய்து பார்த்தபோதே இவர்கள் விடுபடுவது தெரிந்து, படிவத்தை மாற்றினார்கள். (என் அம்மா பெயர் பித்தளைப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும்; பத்திரம் எதிலும் கிடையாது.)

2009 முதல் 2013 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளைப் பதிந்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து, பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் எல்லைக் கோடு. படிவத்தில் இடம் விட்டால் போதுமா? "உன் பெயரையும் சொல்லலாம்" என்று அவளுக்குப் புரியும் மொழியில், ஊர்க்கூட்டத்தில், புருஷன் காதிலும் விழும்படி யாராவது சொல்ல வேண்டும். இவள் வேலை அதுதானாம்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாள். மீதியைக் கேட்டு எழுதுகிறேன்.