சாவடிக்கு முன்னால் ஒட்டிய சுங்கம்

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்தில் சாவடி என்றால் ஊர் கூடும் இடம். பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசுவார்கள், வழிப்போக்கனும் தலைசாய்க்கலாம். 'சத்திரம் சாவடி' என்று சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'சுங்கம்' ஒட்டியதும், இளைப்பாறும் இடம் வண்டியை மறிக்கும் இடமாகிவிட்டது. மதுரைக்குப் போகையில் கப்பலூர்ச் சுங்கச்சாவடியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

வழிக்காசு புதியதல்ல. சங்க நூல்கள் அதை 'உல்கு' என்கின்றன. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் உல்கு வாங்கியதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வடமொழியின் 'சுல்க' என்பதே ஒரு வழியில் உல்கு ஆயிற்று, பாலியின் 'சுங்க' வழியாகச் சுங்கமும் ஆயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உல்கு ஏட்டோடு நின்றுவிட, சுங்கம் வாயில் தங்கியது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். நாடு பிடித்ததைவிட வரியை விட்டதை ஊர் நினைவில் வைத்தது எனக்குப் பிடித்த செய்தி.

பிறகு வந்தது டோல்கேட். திருச்சியில் கொள்ளிடத்தின் வடகரைக்கு 'நம்பர் ஒன் டோல்கேட்' என்றே பெயர். ஸ்ரீரங்கத்துப் பக்கத்திலிருந்து அங்கே கடக்க 1928-இல் கட்டியது இரும்புப் பாலம். ஏறத்தாழ 800 மீட்டர் நீளம்.

அந்தப் பாலத்தின் சூட்சுமம் நம் தோட்டத்துப் படலிலேயே இருக்கிறது. நான்கு கழிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கழி கட்டினால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. ஒரு கழி நீண்டாலோ குறுகினாலோ ஒழிய முக்கோணம் வடிவம் மாறாது. இரும்புப் பாலத்திலும் அதே முக்கோணங்கள்தாம். லாரி ஏறினால் மேல் சட்டம் நெருக்கப்படும், கீழ்ச் சட்டம் இழுபடும், சாய்ந்த சட்டங்கள் பாரத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாங்கிக் கடைசியில் தூணில் இறக்கும். அதனால்தான் குறைந்த இரும்பில் அகன்ற ஆற்றைத் தாண்ட முடிந்தது.

பக்கத்திலேயே 2016-இல் புதிய பாலம் திறந்தது, பழையது நடப்பவர்களுக்கானது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் 18, 19-ஆம் தூண்கள் சரிந்தன. முதலில் தோற்றது மேலிருந்த இரும்பல்ல, ஆற்றுக்குள் நின்ற கால்கள். பிறகு பாலத்தையே பிரித்தெடுத்துவிட்டார்கள்.

பாலம் போன பிறகும் திருச்சிப் பேருந்துகளில் நடத்துநர் குரல் கொடுக்கிறார்: "நம்பர் ஒன் டோல்கேட்டெல்லாம் இறங்குங்க!"