சங்கத்திற் சேரும் காலம்

அமிர்தியில் என்னிடம் பயின்று படப்பிடிப்புக் குழுவில் புகுந்த மாணவன் ஒருவன், "ஐயா, கூலி சிறிது, தொழிற்சங்கக் கட்டணமோ பெரிது. தொழில் நிலைத்தபின் சேர்ந்தால் ஆகாதா?" என்று வினவினான். வரலாற்றையே விடையாகக் கூறினேன்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத்தலைவர். 1920-இல் ஆலையார் வழக்குத் தொடுக்க, உயர்நீதிமன்றம் வாடியாவுக்குத் தடை விதித்தது. சங்கங்களைக் காக்கும் சட்டம் அன்று இல்லை. 1926-ஆம் ஆண்டுச் சட்டமே பதிவுபெற்ற சங்கங்களுக்குக் காப்பளித்தது. 15 வயது நிரம்பிய புதியவரும் உறுப்பினராகலாம் என்றது.

மாணவ மணிகளே! காப்பு வந்தபின் சேர்வோம் என்று அவ்வாலைத் தொழிலாளர் காத்திருந்தால் காப்பு எங்ஙனம் வந்திருக்கும்? ஆகவே அவனிடம், "விதிகளைப் படி, கட்டணத்திற்குத் தவணை கேள், சேர்வதைத் தள்ளிப்போடாதே" என்றேன்.