கசப்பை அளந்து வளர்த்த மரம்

கொயினா மாத்திரையின் கசப்பை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தான இப்பொருள், தென் அமெரிக்க மலைகளுக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டையில் உள்ளது. 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் இதைப் பிரித்தெடுத்தனர். அதன் பிறகே எந்த மரத்தில் எவ்வளவு கொயினா உண்டு என்று அளக்க வழி பிறந்தது. (அமிலம் கலந்த கொயினாக் கரைசலை வெயிலில் பிடித்தால் நீலமாக ஒளிரும். இதை 1852-இல் ஸ்டோக்ஸ் ஆராய்ந்தார். பௌதிக ஆசிரியனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!)

அளக்காமல் நட்டால் என்ன ஆகும்? ஜாவாவில் டச்சுக்காரர்கள் முதலில் ஒருவகைச் சிங்கோனாவைப் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கினார்கள். மரங்கள் செழித்தன, பட்டையிலோ கொயினா மிகச் சொற்பம். அத்தனை உழைப்பும் வீண்.

1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரின் விதைகள் லண்டனுக்கு வந்தன. அங்கே அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு விதையை வாங்கி ஜாவாவில் விதைத்தது. இம்முறை அவர்கள் விழித்துக்கொண்டார்கள். மரம் மரமாகப் பட்டை சீவிச் சோதித்தார்கள். சில மரங்களில் கொயினா 13 விழுக்காடு வரை இருந்தது!

அந்த மரத்தின் விதையை நட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சிங்கோனா அயல் மகரந்தத்தால் காய்ப்பது. அடுத்த தோட்டத்து மட்டமான மரம் தந்தையாகிவிடும். ஆகவே உயர்ந்த மரங்களைத் தனித்து வளர்த்தார்கள்; மாமரத்துக்குச் செய்வதுபோல் ஒட்டுக் கட்டவும் செய்தார்கள். வேருக்கு உதவியது, கொயினா குறைந்தாலும் வலுமிக்க சிவப்புப்பட்டைச் சிங்கோனா. நம் நீலகிரியில் 1860-களில் ஆங்கிலேயர் பரவலாக நட்டதும் இதையே. அதன் பட்டையில் கொயினாவோடு மற்ற காரப்பொருள்களும் மிகுதி. அக்கலவையையே மலிவான காய்ச்சல் மருந்தாக்கினார்கள்.

1930-களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் அத்தீவைப் பிடித்ததும் நேச நாட்டுப் படைகள் மருந்துக்குத் திண்டாடின.

அந்த இனத்துக்கு 'சிங்கோனா லெட்ஜரியானா' என்று பெயர். ஆனால் காட்டில் நல்ல மரத்தைக் கண்ணால் இனங்கண்டு, விதை சேகரித்துக் கொடுத்தவர் மானுவேல் இங்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடியினர். மறுபடி விதை தேடப் போனபோது அவரைப் பிடித்துச் சிறையிலிட்டு அடித்தார்கள். 1871-இல் அவர் இறந்துபோனார்.