தாழ்ந்த இருக்கையும் மாறிய கைப்பிடியும்

குதிரையேறியவன் தன் கால்நீளத்திற்கேற்ப அங்கவடியைக் கட்டிக்கொண்டான். மாட்டுவண்டிக்காரன் உடல் நோகாதிருக்க வைக்கோலைப் பரப்பி அமர்ந்தான். ஏறிச் செல்லும் ஊர்தியைத் தன் உடலுக்கு இணங்கச் செய்வது மனிதனுக்கு நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. மோட்டார் சைக்கிளிலும் அது தொடர்ந்தது. ஓட்டுநரின் உடல் அவ்வூர்தியைத் தொடும் இடங்கள் மூன்றே: இருக்கை, காலடி, கைப்பிடி. இவற்றுள் இருக்கையின் உயரம் பின்சக்கரத்தைத் தாங்கும் சுருள்வில்லின் நீளத்தைப் பெரிதும் சார்ந்தது. ஆதலின், பின்புறத்தைத் தாழ்த்துவதும் கைப்பிடியை மாற்றுவதும் பல நாடுகளில் இளைஞர் முதலிற் கைவைக்கும் வேலைகளாயின. இதனை வெறும் விடலைத்தனம் என ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஒதுக்குமுன் இதன் வரலாற்றைச் சற்றே நோக்குவது தகும்.

பின்சக்கரத்திற்குச் சுருள்வில் என்பதே தொடக்கத்தில் இல்லை. 1885-ஆம் ஆண்டில் செர்மனியின் டைம்லரும் மைபாக்கும் உருவாக்கிய முதல் வண்டி மரச்சட்டத்தால் ஆனது. அதன்பின் இரும்புச் சட்டம் வந்தது. ஆயினும் பின்சக்கரம் நெடுங்காலம் சட்டத்தோடு நேரே பிணைக்கப்பட்டே இருந்தது. சாலையின் ஒவ்வொரு குழியும் ஓட்டுநரின் முதுகெலும்பிற் போய் முடிந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த இரு சிறு விற்களே அவனுக்குத் துணை. இங்கிலாந்தின் பிலிப் வின்சென்ட் என்ற இளைஞர் பின்சக்கரத்தை விற்களின்மேல் ஆடவிடும் அமைப்பொன்றுக்கு 1928-இல் காப்புரிமை பெற்றார். வாங்குவோர் உடனே மகிழ்ந்தனரா? இல்லை. ஆடும் சக்கரம் வண்டியை நிலைகுலையச் செய்யும் என அஞ்சினர். நன்மை வீட்டு வாசலுக்கே வந்தபோதும் ஐயத்தோடு கதவைத் திறப்பது மனித இயல்பு போலும்.

அந்த ஐயத்தை முற்றாக நீக்கியது பந்தயக்களமே. பெல்பாஸ்ட் நகரத்து மெக்கேண்ட்லஸ் உடன்பிறப்பாளர் நார்ட்டன் நிறுவனத்திற்காக அமைத்த புதிய சட்டத்தில், பின்சக்கரம் கீலில் ஆடும் கரமொன்றில் பொருத்தப்பட்டது. அதன்மீதேறி ஜெப் டியூக் 1950-ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் வென்றார். இறகு மெத்தையில் அமர்ந்ததுபோல் இருக்கிறது என்று ஓட்டுநர் ஒருவர் வியந்ததால், 'பெதர்பெட்' என்பதே அச்சட்டத்தின் பெயராயிற்று. அதே காலத்தில் ராயல் என்பீல்டு நிறுவனத்தின் புல்லட் வண்டியும் இத்தகைய ஆடுகரத்தோடு வெளிவந்தது. 1955-க்குப் பின் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகித் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓசையிட்டது அந்தப் புல்லட்டே.

இனி, மாற்றியமைத்தோரைக் காண்போம்.

இலண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 'ஏஸ் கபே' என்ற உணவகம் 1938-இல் திறக்கப்பட்டது. லாரி ஓட்டுநருக்கென எழுந்த கடை அது. போரில் குண்டுபட்டு அழிந்து, 1949-இல் மீண்டும் கட்டப்பட்டது. போருக்குப் பின் கையில் முதன்முறையாகச் சிறிது ஊதியம் கண்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தம் வண்டிகளோடு கூடினர். பந்தய வண்டி வாங்கப் பணம் ஏது? இருந்த வண்டியையே பந்தய வண்டியாக்கினர். அகன்ற கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்சக்கரக் கவையின் இரு தண்டுகளிலும் தனித்தனியே இறுக்கும் குட்டைக் கைப்பிடிகளைப் பொருத்தினர். காலடியைப் பின்னுக்குத் தள்ளினர். ஓட்டுநர் தொட்டியின்மேல் கவிழ்ந்து படுத்தார்; காற்றின் தடை குறைந்தது. மணிக்கு நூறு மைல் என்பதே அவர்தம் கனவு. டிரையம்ப் இயந்திரத்தை நார்ட்டனின் இறகு மெத்தைச் சட்டத்தில் ஏற்றி, 'டிரைட்டன்' என்ற கலப்பினத்தையும் படைத்தனர். இசைப்பெட்டியில் நாணயமிட்டுப் பாட்டு முடிவதற்குள் சாலையைச் சுற்றி வந்துவிடுவார்கள் என்றொரு கதையும் வழங்குகிறது. செய்தித்தாள்கள் அவர்களைத் தூற்றின. பில் ஷெர்கோல்டு என்ற பாதிரியாரோ தாமே வண்டியேறிச் சென்று, அவ்விளைஞரைத் தம் மன்றத்துக்கு அழைத்தார். பிள்ளைகளைத் திருத்த முனைவோர் அவர்கள் இருக்குமிடத்துக்கு முதலில் போகவேண்டும் என்பதை அப்பாதிரியார் அறிந்திருந்தார்.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இலண்டன் இளைஞர் கைப்பிடியைத்தான் தாழ்த்தினர். பின்புற வில்லைக் கெடுக்கவில்லை. வேகத்திற்கு அவ்வில் தேவை என்பதை அனுபவத்தில் உணர்ந்திருந்தனர்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததோ நேர்மாறு. இரண்டாம் உலகப் போருக்கென ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ஏறத்தாழ 90,000 படை வண்டிகளைச் செய்தது. போர் முடிந்தபின் அவற்றுட் பல குறைந்த விலைக்கு வந்தன. ஊர் திரும்பிய வீரர்கள் அவற்றை வாங்கி, மண்காப்பு முதலான பளுவை வெட்டியெறிந்தனர். வெட்டுவது என்ற பொருளிலேயே 'சாப்பர்' எனும் பெயர் எழுந்தது. 1958-இல் அந்நிறுவனம் தன் பெரிய வண்டியின் பின்சக்கரத்திற்கும் சுருள்வில் கொடுத்தது. வின்சென்ட் காப்புரிமை பெற்று முப்பதாண்டு கழித்துக் கிட்டிய அந்த வசதியைச் சாப்பர் கட்டுவோர் வேண்டாமென்றனர்! வில்லற்ற பழைய சட்டத்தைத் தேடிப் பிடித்தனர். கிடைக்காவிடில் புதிய சட்டத்தின் பின்பாகத்தை அறுத்து வில்லற்ற பாகத்தைப் பற்றவைத்தனர். இருக்கை தரையை நோக்கித் தாழ்ந்தது. கைப்பிடியோ தோளுக்கு மேல் உயர்ந்தது. கிளையிற் தொங்கும் குரங்கை ஒத்த அந்த நிலையால் அக்கைப்பிடிக்குக் குரங்கின் பெயரே வாய்த்தது. தோள்மட்டத்திற்கு மேற்பட்ட கைப்பிடியைச் சில மாநிலங்கள் சட்டத்தால் தடுத்தன.

1969-இல் வெளியான 'ஈசி ரைடர்' திரைப்படம் இவ்வடிவை உலகறியச் செய்தது. அவ்வண்டிகளை உருவாக்கியோர் பென் ஹார்டி, கிளிப் வாஸ் என்ற இரு கறுப்பினத்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கட்கு இடமில்லை. பல்லாண்டு கழிந்தே உலகம் அவர்களை அறிந்தது. ஓட்டியவன் முகம் சுவரொட்டியில் நிலைக்க, உளி பிடித்தவன் பெயர் மறைந்துபோவது நம் கோயிற் சிற்பிகள் காலந்தொட்டு நடப்பதுதானே!

பின்புறத்தைத் தாழ்த்தினால் நேர்வது என்ன? இரு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் இருக்கும் வண்டியின் பின்புறம் 25 மில்லிமீட்டர் இறங்கினால், முன்கவை ஏறத்தாழ 1 பாகை பின்னோக்கிச் சாயும். நேர்சாலையில் வண்டி உறுதியாகச் செல்லும். வளைவில் திருப்பச் சோம்பும். முன்விளக்கின் ஒளி மேலேறி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். சங்கிலியின் இறுக்கம் மாறும். குட்டையான வில் முழுதும் அமுங்கும்போது டயர் மண்காப்பில் உரசலாம். பக்கத்தாங்கி முன்னைய நீளத்திலேயே இருப்பின் வண்டி நிமிர்ந்து நின்று, சிறு தள்ளலில் மறுபுறம் சாயும். கைப்பிடியை மாற்றுவோருக்கு வேறு வேலை காத்திருக்கிறது. உயர்த்தினால் பிரேக், கிளட்ச் கம்பிகள் எட்டா. தாழ்த்தினால் அவை மடிந்து சிக்கும். கைப்பிடியை முழுதும் ஒடிக்கையில் விரல் தொட்டியில் நசுங்காதா என்றும் பார்க்கவேண்டும். நல்ல பட்டறைக்காரர் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே வண்டியை வெளியே விடுவார்.

நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கின் லோ பூன் சியூ 1950-களின் இறுதியில் ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 1958-இல் ஜப்பானில் பிறந்த 'கப்' வண்டி நம் நாவில் 'காப்சாய்' ஆயிற்று. தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி முதல் மீன் விற்பவர் வரை அதன் முதுகில் ஏறாதார் அரியர். காலைத் தூக்கிப் போடாமலே ஏறும்படி அதன் நடுப்பகுதி பள்ளமாக அமைந்தது. குட்டையானவருக்கும் சேலையணிந்தவருக்கும் அது தோதாயிற்று. தாழ்த்தவேண்டிய தேவையே இல்லாத அவ்வண்டியைத்தான் நம் பிள்ளைகள் தாழ்த்துகின்றனர். அதில் நீட்டிப் படுத்து நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பறக்கின்றனர். மலேசியாவில் சாலை விபத்தில் மாண்டோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாவதைக் கண்ட ஆசிரியனுக்கு இது எண் அன்று.

ஆயினும், பெரிய வண்டியை வாங்கிவிட்டுக் கால் தரையில் ஊன்றாமல் தவிக்கும் குட்டையான பெண்ணொருத்தி அதே பட்டறைக்கு அதே வேலைக்காக வந்து நிற்கிறாள். சராசரி உடலொன்றை மனத்திற் கொண்டு தொழிற்சாலை செய்த அளவு அவளுக்குப் பொருந்தவில்லை. சமிக்ஞை விளக்கின்முன் இரு பாதமும் ஊன்றி நிற்பதே அவளுக்குப் பாதுகாப்பு. இக்காலத்தில் சில நிறுவனங்கள் தாமே தாழ்ந்த இருக்கையையும் குட்டை வில்லையும் விற்கின்றன. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைக் கேட்டறிந்து, விளக்கையும் சங்கிலியையும் தாங்கியையும் சரிசெய்து கொடுக்கும் பட்டறை அவளை வீடு சேர்க்கும். வில்லை வெறுமனே அறுத்துக் கொடுக்கும் பட்டறை அடுத்த தெருவிலேயே இருக்கிறது. அங்கே கூலியும் குறைவு.