வரைபடமும் உரையளவையும்

காண்டல், கருதல், உரை எனச் சைவ சித்தாந்த நூல்கள் வகுத்துரைக்கும் மூன்று அளவைகளுள், வரைபடம் காண்டலின்பாற்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். கோடு ஏறுவதைக் கண்ணே காணும்போது வேறு சாட்சி எதற்கு என்பது அவர்கள் அபிப்பிராயம். ஆயின் கண் காண்பது தாளில் ஏறும் மைக்கோட்டை மட்டுமே. ஏறியது இறக்குமதியா, மழையளவா, மரண விகிதமா என்பதை அச்சுகளின் பெயரும், அலகும், அளவுத்திட்டமும், குறிவிளக்கமும், தலைப்புமே உணர்த்துகின்றன. ஆதலின் இவை உரையளவையின் ஸ்தானத்தில் நிற்பவை என்பதும், இவையின்றிச் செய்யும் அனுமானம் எதுவும் நிலைபெறாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஸ்காட்லாந்தியரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் லண்டனில் வெளியிட்ட வர்த்தகப் படநூலில், டென்மார்க், நார்வே நாடுகளுடன் இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய வாணிபத்தைக் காட்டும் படம் ஒன்றுண்டு. அடிக்கோடு ஆண்டுகளாகவும், வலப்பக்கக் கோடு பத்தாயிரம் பவுன் கொண்ட கூறுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளன என்று அதன் கீழேயே அவர் எழுதி வைத்தார். இறக்குமதிக் கோட்டின் மீதும் ஏற்றுமதிக் கோட்டின் மீதும் அவற்றின் பெயரைப் பொறித்தார். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளியில், வாணிப மீதம் இங்கிலாந்துக்குப் பாதகமான காலம் எது, சாதகமான காலம் எது என்பதையும் குறித்தார். இவ்வெழுத்துகளை அழித்துவிட்டால், எஞ்சுவன ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு கோடுகளே. எந்த நாட்டின் எந்த வழக்குக்கும் அவற்றைச் சாட்சியாக நிறுத்திவிடலாம்.

பெயரும் அலகும் இருந்தும், படத்தின் எந்த உறுப்பு அளவைத் தாங்கி நிற்கிறது என்பது விளங்காவிடில் பிழை நேரும். கிரிமியப் போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினரைப் பற்றி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்டப்படத்தில், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணம் நீலம், காயங்களால் நேர்ந்தது சிவப்பு, ஏனையவை கறுப்பு என்று வகுத்ததோடு, ஒவ்வொரு நிறத்தின் பரப்பையும் மையத்திலிருந்தே அளக்கவேண்டும் என்ற குறிப்பையும் அவர் சேர்த்தார். ஒரு மாதத்து மரணம் நான்கு மடங்கானால், பரப்பு நான்கு மடங்காகும்; ஆரமோ இரு மடங்கே ஆகும். அக்குறிப்பைக் காணாமல் ஆரத்தை அளப்பவர், நேர்ந்த பேரழிவில் பாதியையே உணர்வார்.

இனி, நிலையச்சு சுழியத்திலிருந்து தொடங்காத படமெல்லாம் வஞ்சனை என்று சிலர் சாதிப்பர். பட்டை வரைபடத்திற்கு இவ்விதி பொருந்தும். அங்கே பட்டையின் நீளமே அளவாதலால், அடியை வெட்டினால் விகிதம் கெடும். கோட்டு வரைபடத்தில் நாம் நோக்குவது சரிவை. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் சார்லஸ் கீலிங் தொடங்கிய கரியமில வாயு அளவீட்டில், பத்து லட்சத்தில் சுமார் 313 பங்காக இருந்த அளவு 2013-இல் 400-ஐத் தொட்டது. தாவரங்களின் சுவாசம்போல் ஆண்டுதோறும் அது சுமார் 6 பங்கு ஏறியிறங்குகிறது. சுழியத்திலிருந்து வரைந்தால் இவ்வசைவு கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது. எனவே 300-க்கு மேல் தொடங்குவது குற்றமாகாது. தொடக்க எண்ணை அச்சில் எழுதாது விடுவதே குற்றம்.

நம் பள்ளிகளில் வரைபடத்தாளின் மேல்மூலையில் அளவுத்திட்டம் எழுதும் வழக்கம் மதிப்பெண்ணுக்கான சடங்காகவே பெரும்பாலும் பயிலப்படுகிறது. அது சடங்கன்று, வரைந்தவர் படிப்பவருக்குக் கொடுக்கும் வாக்குமூலம். அதைக் கொண்டே படிப்பவர் வரைந்தவரை மறுத்துரைக்க இயலும். அவ்வாறு மறுக்க இடந்தராத படத்தை ஆய்வுலகம் பிரமாணமாக ஏற்றல் தகாது.