சொத்தைக் கடலையும் சிற்றுயிரின் ஈரலும்

மலேசியாவில், கேமரன் மலையின் கியா பார்ம் பிரதேசத்தில், கூண்டில் வளர்ந்த சுகர் கிளைடர் ஒன்று இரண்டு நாள் தீனி எடுக்காமல் சுருண்டு கிடந்து மாண்டுபோனால், மலைக்குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடுதல் எளிது. குளிரும் அவ்வுயிரை வருத்தக்கூடியதே. ஆயினும், அதன் ஈறும் மூக்கும் வெளுத்தோ மஞ்சள் பூத்தோ காணப்படுமாயின், குளிரின்மேல் பழி சுமத்துமுன் தீனி டப்பாவைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதே என் வாதம்.

ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட இந்த ஜந்து, பார்வைக்குப் பறக்கும் அணிலை ஒத்திருப்பினும், கங்காருவைப்போல் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் இனத்தது. காட்டில் மரப்பிசினும் பூந்தேனும் பூச்சிகளுமே அதன் ஆகாரம். வீட்டுக்கு வந்தபின் கச்சான் என்னும் வேர்க்கடலையும் உலர்ந்த சோளமும், சோளமாவு தின்று வளர்ந்த சிள்வண்டுகளும் அதன் தட்டில் சேர்கின்றன. கச்சானிலும் சோளத்திலும் படரும் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் சுரக்கும் விஷமே அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் சுமார் ஒரு லட்சம் மடிந்தபோதுதான் உலகம் இவ்விஷத்தை அறியத் தொடங்கியது. உள்ளே புகுந்த விஷத்தை மாற்றி வெளியேற்ற முற்படும் ஈரல், அம்முயற்சியிலேயே அதனை முன்னிலும் கொடியதாக்கித் தன் அணுக்களையே புண்படுத்திக்கொள்கிறது என்பதுதான் இதன் பரிதாபம்.

சராசரி 18 டிகிரி சீதோஷ்ணமுள்ள மலையில் பூசணம் விஷம் சுரப்பது மெதுவாகவே நடக்கும் என்று ஆட்சேபிக்கலாம். அது மெய், ஏறக்குறைய 30 டிகிரி வெப்பமே அதற்கு உகந்தது. ஆனால் கச்சானும் உலர்சோளமும் இந்த மலையில் விளைந்தவையல்ல. வெப்பமான பிரதேசங்களில் மழையில் நனைந்தும் மூட்டையில் புழுங்கியும் வந்தவை. அங்கே உண்டான விஷத்தை இங்குள்ள குளிர் அழிப்பதில்லை. அடுப்பில் வேகவைப்பதும் முற்றாக அழிப்பதில்லை. (கியா பார்ம் சந்தையில் சுடச்சுட விற்கும் பச்சைச் சோளக்கதிரை யான் குறை கூறவில்லை.)

சொத்தைக் கடலை ஒன்றை இரண்டாகப் பிளந்தால், பருப்புகளின் இடையே சாம்பலும் பச்சையும் கலந்த தூள் படிந்திருப்பதைக் காணலாம். மனிதன் வாயில் பட்டதும் துப்பிவிடும் அக்கடலையின் எடை அரை கிராம் இருக்கும். அதைத் தின்னும் கிளைடரின் எடையோ நூறு கிராம் அளவே. அந்த விகிதத்தில் அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 300 கிராம் சொத்தைக் கடலை தின்னவேண்டும். நமக்கு ஆகாதென்று ஒதுக்கியதைப் பிராணிக்குப் போடும் பழக்கம் எத்தகைய கொடுமை என்பதை இக்கணக்கு பிரத்தியட்சமாக்குகிறது.

இது பிராணியோடு நிற்கும் விஷயமுமன்று. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட சுமார் 400 பேர் காமாலையுற்று 106 பேர் மாண்டனர். அவ்வீடுகளில் அதே உணவை உண்ட நாய்களும் அவ்வாறே மடிந்தன. நமக்கு அருகிலேயே, தாப்பா வழியே மலையேறும் பாதையின் அடிவாரத்துக்கு அருகிலுள்ள கம்பாரில் தயாரான அரிசி நூடுல்ஸை உண்டு, 1988 அக்டோபரில் பேராக் மாநிலச் சிறுவர் பதின்மூவர் ஈரல் செயலிழந்து மரித்தபோதும் அஃப்ளடாக்சினே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது.

காமாலை அனைத்தும் இவ்விஷத்தால் வருவதன்று. தொற்றும் கொழுப்பு மிகுந்த தீனியும்கூட ஈரலைக் கெடுக்கும். சோதனையின்றி எவரும் துணிந்து கூறவியலாது. ஆதலின் கிளைடர் வளர்ப்போர்க்கு என் வேண்டுகோள் இது: பிராணி சோர்ந்தவுடன் கச்சானையும் சோளத்தையும் நிறுத்திக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள், இறந்துபோனால், உடலை உறையவைக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்து, மிச்சத் தீனியையும் உடன் எடுத்துச்சென்று, ஈரலையும் தீனியையும் ஒருங்கே பரிசோதிக்கும்படி கேளுங்கள். முடிவு தெரியும்வரை அந்த டப்பாவிலிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கடலைகூட எடுத்துக் கொடுக்காதீர்கள்.